மேல ரெண்டு சுத்து

தொட்டி இல்லண்ணே, படகு. தார்ப்பாய் போட்டு மூடுன பெறகு உங்க வண்டில ஏத்துனதால அப்புடித் தெரியுது. பாய்மரப் படகு. நீங்களும் சிரிக்காதீங்க. செக்கானூரணில இருந்து திருமங்கலம் வாரதுக்குள்ள அம்புட்டுப் பேரும் கேட்டாச்சு, வைகையில விடப் போறீகளான்னு. தூத்துக்குடில கடல்ல எறக்கத்தேன் இம்புட்டுப் பாடு.

இந்த எடை மேடையில எடை போடாம இங்கேருந்து நகர வேணாம் டிரைவரண்ணே. கோவிச்சுக்கிறாதீங்க, முன்னாடி ஜல்லி லாரி ரெண்டுதேன் நிக்குது. காலி வண்டிய காலையிலயே எடை போட்டோம்ல, அதக் கழிச்சா படகு கனம் தெரிஞ்சிரும்.

இந்தப் படகுக்குப் படம் வரைஞ்சது நாந்தேன். எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நானு. அதுலயும் படகு படிப்பு. உசிலம்பட்டில வச்சு அத என்ன செய்யப் போறன்னு கேக்காத சொந்தக்காரங்க இல்ல.

இதுல என்ன வில்லங்கம்னா, இந்தப் படகு ரெண்டு வேலையும் பாக்கணும். ஒரு நா பந்தயத்துல ஓடணும். மறுநா பொண்டாட்டி பிள்ளையோட உள்ளயே தங்கி ஊர் சுத்தணும். பந்தயம்னா லேசா இருக்கணும். தங்குறதுன்னா கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் கேக்கும். ஒவ்வொரு பலகையா, கதவா, கிலோ கிலோவாக் கொறைச்சேன்ணே. எங்க முதலாளி வந்து, அடுப்பு மேடைக்கு கிரானைட் போட்டா எடுப்பா இருக்கும்லங்குறாரு. எனக்கு அழுகையே வந்திருச்சு.

அதக்கூடத் தடுத்துட்டேன். மேஸ்திரியத் தடுக்க முடியல.

எங்க பட்டறை தண்ணித் தொட்டி, பாத்ரூம் கதவு செய்ற பட்டறை. பைபர் துணிய விரிச்சு ரெசின் பசையத் தடவி, சுத்துச் சுத்தாப் போடுவாங்க. தொட்டிக்குச் சொன்னதுக்கு மேல ஒரு சுத்து போட்டுக் குடுக்குறது மேஸ்திரி பழக்கம். எங்க தொட்டி வெடிக்காதுன்னு பேரு வந்ததே அதுலதேன். நான் பாய்மரம் பாக்க சென்னைக்குப் போன சமயம் பாத்து, படகு மேல்தளத்துக்கு ரெண்டு சுத்து கூடப் போட்டுட்டாரு. வந்து தட்டிப் பாக்குறேன், சத்தமே மாறிக் கெடக்கு.

பலம்தானன்னு நீங்களும் கேக்குறீங்க பாத்தீங்களா. கனம் அடியில இருந்தா நல்லதுண்ணே. அதுக்குத்தேன் அடியில மாட்ட ஈயக் கட்டி தூத்துக்குடில ரெடியா இருக்கு. மேல கனம் ஏறுனா, காத்துக்குச் சாஞ்ச படகு லேசுல நிமிராது. தலைச்சுமையோட போற ஆளத் தள்ளிவிட்ட மாதிரி. பந்தயத்துலயும் கடைசிலதேன் வரும்.

கனம் கூடியிருந்தா மேல்தளத்த அறுத்தெடுத்துட்டு மறுபடி போடணும். முதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாரு. ஒன்னு வரைஞ்ச ஆளு வீட்டுக்குப் போகணும், இல்ல போட்ட ஆளு போகணும், யாருன்னு நீயே சொல்லுன்னு. எடையே போடாத, கடல்ல எவன் பாக்கப் போறான்னு ஆபீஸ்ல ஒருத்தர் புத்தி சொல்றாரு. எனக்கு அது வராதுண்ணே. வாங்குறவரு பிள்ளைகள ஏத்திக்கிட்டுப் போவாரு. அதுக்கும் முந்தி, மொத ஓட்டத்துக்கு வரைஞ்ச ஆளும் கூட ஏறணும்னு கேட்டிருக்காரு. சரின்னுட்டேன்.

நீச்சலா? தெரியாதுண்ணே. எங்க பக்கம் கெணத்துக்குள்ள எறங்குனாலும் கால்தேன் நனையும்.

மேஸ்திரிட்டக் கேக்காம இருப்பேனா? படத்துல என்ன போட்டிருக்கு, நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீங்கன்னு சத்தம் போட்டேன். பட்டறையே வேலைய நிறுத்திட்டு வேடிக்க பாத்துச்சு. அவரு பிரஷ்ஷக் கழுவிக்கிட்டே ஒரே வார்த்ததேன் சொன்னாரு. நீ ஏறி நிக்கப் போற எடமாச்சே, நெளியக் கூடாதுன்னு.

இந்தா, லாரி எறங்கிருச்சு. வண்டிய மேடையில ஏத்துங்கண்ணே. இருங்க, இருங்க. படகு மேல கயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருல்ல, அவரு எறங்கணும், இல்லைன்னா அவரு கனமும் சேந்துரும். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க, நான் காலையில இருந்து அவரோட பேசல. அவருதேன் நான் சொன்ன மேஸ்திரி. பாத்து, கையப் புடிச்சு எறக்கி விடுங்கண்ணே. எங்கப்பாவுக்கு முட்டி வலி.