கொண்டி இல்லாத கதவு

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் ஐயா அவர்களே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அமர்ந்திருக்கும் மூசா பாய் அவர்களே, அன்பு மகள் அதீபா அவர்களே, செவிலியர்களே, பனையடிப்பேரியின் தாய்மார்களே, பெரியோர்களே!

வணக்கம்.

தகரக் கூரையில் விழுகிற சத்தம் கேட்கிறதா? சாரல் தொடங்கிவிட்டது. தென்காசிப் பக்கத்தில் பிறந்தவன் எவனாவது சாரலைக் கண்டு பயந்ததுண்டா? குத்தாலிங்கம் என்று குற்றாலத்துச் சாமி பெயரை வைத்துக்கொண்டு நான் பயப்படுகிறேன். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர், மூசா பாயின் துணைவியார் டாக்டர் மாஜிதா அவர்கள் மாரடைப்பில் போன பிறகு வருகிற முதல் சாரல் இது.

சீசன் தொடங்கினால் குற்றாலத்து அருவிக்கரையில் மருத்துவ முகாம் போடுவார்கள். போடத்தான் வேண்டும். வழுக்கி விழுகிறவனும் மனிதன்தானே! ஆனால் அதற்கென்று தனியாக ஆள் கிடையாது. சுற்றியுள்ள ஊர்களின் டாக்டரையும் நர்ஸையும் எடுத்து அங்கே அனுப்புவார்கள். அப்போது நமக்கு இருந்ததே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். அவர்கள் போனால் பிரசவ வார்டு என்ன ஆகும்? பூட்டு மாட்டிவிட்டுப் போவார்கள். சாரல் விழுந்தால் ஊர் உலகமே சிரிக்கும். நம் ஊரில் மாசமான பெண்கள் மட்டும் நாளை எண்ணிக்கொண்டு இருப்பார்கள்.

என் தங்கை மகள் இராமலட்சுமி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். மாஜிதா அம்மா இங்கே வருவதற்கு முந்தைய சீசன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கு வலி எடுத்தது. வார்டு பூட்டிக் கிடந்தது. ஆட்டோவில் ஏற்றித் தென்காசிக்குக் கிளம்பினோம். சாலை முழுக்க அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிற கார்கள். கார்க் கதவுகளில் ஈரத் துண்டு காய்கிறது. வண்டியை நிறுத்திப் பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள் பையன்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டோவுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பின்னால் இருந்து இவள் குரல் மட்டும் கேட்டது. "மாமா, வண்டி ஏன் நிக்குது? மாமா, தலை தெரியுதுன்னு அம்மா சொல்லுதா. ஏன் மாமா நிக்குது?"

நான் இறங்கிக் கார் காராகத் தட்டினேன். ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவார்கள்! பிள்ளை ஆட்டோவிலேயே பிறந்தது. அழவில்லை. அழும் அழும் என்று பார்த்தோம். அழவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில் மாஜிதா அம்மா பொறுப்பேற்றார். வந்த அன்றைக்கே என் இரும்புக்கடைக்கு வந்து நின்றார். அவர்தான் டாக்டர் என்று எனக்கு அப்போது தெரியாது.

"அண்ணாச்சி, ஒரு திருப்புளி இரவல் தாங்க. வேலை முடிஞ்சதும் கொண்டாந்து தாரேன்."

"இரவல் குடுத்தா நான் எப்படிக் கடை நடத்த?" என்றேன்.

"சரி, நீங்களே வந்து பக்கத்துல நின்னு பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். பிரசவ வார்டுக் கதவில் பூட்டு மாட்டுகிற கொண்டியைத் தானே உட்கார்ந்து கழற்றினார். "எதுக்கும்மா கழட்டுதிய?" என்று கேட்டேன். "மாட்ட இடம் இருந்தா யாராவது மாட்டிருவாங்க அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை சீசன் வந்தது, எத்தனை சாரல் அடித்தது! அந்தக் கதவு ஒரு நாள் பூட்டியதுண்டா? தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள், உண்டா?

வருஷா வருஷம் முகாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வரும். "அனுப்புதேன், பதிலுக்கு இங்கன ஒரு ஆளை உக்கார வச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்பார். வட்டார அலுவலர் ஐயா சிரிக்கிறீர்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

துபாயில் இருந்து வந்திருக்கும் தம்பி அஃப்சல் அவர்களை இங்கே பார்க்கிறேன். வளைகுடாவில் இருக்கிற நம் பிள்ளைகள் சேர்ந்து சுகாதார நிலையத்துக்கு ஒரு பெரிய தொகை திரட்டினார்கள். இவர் வாசலில் வளைவு கட்டப் படம் வரைந்துகொண்டு வந்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி, இது பிரசவம் பார்க்குமா?" என்று கேட்டார். தம்பிக்கு முகம் சுருங்கிப்போனது. சரி, இன்னொரு நர்ஸுக்கு நாங்களே மாசாமாசம் சம்பளம் தருகிறோம் என்றார். அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை.

"நீங்க குடுக்க ஆரம்பிச்சா, இங்க ஒரு நர்ஸ் வேணும்ங்கிறதையே சர்க்கார் மறந்திரும். நாளைக்கு உங்களுக்கு அங்கன வேலை போச்சுன்னா, இங்கன பிரசவம் நிக்கணுமா தம்பி? நம்ம கட்டுத வரியில வரவேண்டிய நர்ஸு. வாங்காம விடக் கூடாது."

அந்தப் பணத்தில் சாரல் காற்றில் மின்சாரம் போனாலும் வார்டில் விளக்கு எரிய ஒரு ஜெனரேட்டர் வாங்க வைத்தார். அதோடு சரி. நர்ஸுக்காக, கைப்பிள்ளைக்காரிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்து மனு நாளுக்குத் திங்கள்தோறும் போனார். பிள்ளைகள் அழ அழ வரிசையில் நின்றோம். போதும் தாயே என்று நானே கெஞ்சியிருக்கிறேன். கடைசியில் பணியிடம் வந்தது. அப்படி வந்தவர்தான் செவிலியர் உமா மகேஸ்வரி.

அன்பர்களே, ஒருவரைப் பற்றி இத்தனை நல்லது பேசும்போது மனம் நிறைய வேண்டும். எனக்குப் பயம்தான் கூடுகிறது. இவை அத்தனையும் ஒரு அம்மாவின் பிடிவாதத்தில் நின்றவை. அந்த அம்மா இல்லை. புதிய டாக்டரை இன்னும் போடவில்லை. பக்கத்து நிலையத்து டாக்டர் பொறுப்பு பார்க்கிறார். அவரும் திங்கட்கிழமை முதல் முகாமுக்குப் போகிறார். உமா மகேஸ்வரிக்கும் அங்கேதான் வேலை. மிச்சம் இருக்கிற ஒரு நர்ஸ் பகலில் மட்டும் இருப்பார்.

இன்று காலை வார்டுக்குப் போனேன். கதவில் பளபளவென்று புதுக் கொண்டி. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. "மருந்து மாத்திரை காணாமப் போயிரக் கூடாதுன்னு மாட்டச் சொல்லிட்டாங்க அண்ணாச்சி" என்று உமா மகேஸ்வரி அழுதுகொண்டே சொன்னார். மாட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அது ஒரு கொண்டி. பூட்டு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை வரும்.

இராமலட்சுமிக்கு இது ஒன்பதாம் மாதம்.

ஐயா, வட்டார அலுவலர் ஐயா! உங்களை மேடையில் வைத்துச் சங்கடப்படுத்துவது என் நோக்கமில்லை. உத்தரவு உங்களுக்கும் மேலே இருந்து வருகிறது என்று தெரியும். ஆனால் இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவளுக்கு ராத்திரி வலி எடுத்தால் நான் எந்தக் கதவைத் தட்ட? மறுபடியும் அந்தக் கார்களையா தட்ட? எனக்குத் தெம்பு இல்லை ஐயா. சத்தியமாக இல்லை.

அம்மாவின் மேசையைக் காலிசெய்தபோது கிடைத்ததென்று உமா மகேஸ்வரி என்னிடம் ஒன்றைக் கொடுத்தார். இதோ பாருங்கள். என் கடைத் திருப்புளி! கொண்டியைக் கழற்றிய அன்றைக்கு அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்தது. பார்க்கிற இடத்திலெல்லாம் கேலியாகக் கேட்பேன், "டாக்டரம்மா, என் திருப்புளி எங்க?" என்று. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "இன்னும் வேலை முடியல அண்ணாச்சி."

கூட்டத்தின் முடிவில் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொல்வது வழக்கம். எழுந்திருப்போம். ஆனால் நிற்பது இங்கே வேண்டாம், அந்த வார்டு வாசலில் நிற்போம். கொண்டியைக் கழற்றுவோம். திங்கட்கிழமை முதல் முறைவைத்து அங்கே உட்காருவோம். பதில் ஆள் வராமல் நர்ஸை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டியும் போகக் கூடாது. மாஜிதா அம்மாவுக்கு இந்த ஊர் கொடுக்கிற வாக்கு இது.

மூசா பாய், நீங்களும் வருகிறீர்களா? நல்லது. மழைக்குக் குடை இல்லாதவர்கள் என் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அதீபா, இந்தத் திருப்புளியை நீ பிடிம்மா.

இராமலட்சுமி, எந்திரி தாயி. பயமாத்தான் இருக்கு, எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ முன்னால நட. நாங்க இத்தனை பேரும் உன் பின்னாலயே வாரோம்.