தெலுங்கை நிறுத்திய வீடு

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் ஒரு பெண் ஆட்டிசம் பற்றிய நோட்டீஸ் கொடுத்துவிட்டு, தன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளிடம் தெலுங்கில் ஏதோ கேட்டாள். மகள் பதில் பேசாமல் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த, கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஓர் அம்மா நோட்டீஸைப் படிக்காமலே சொன்னார்.

"வீட்ல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழு, தெருவுல கன்னடம். புள்ள குழம்பிப் போச்சு. ஒரே பாஷை பேசும்மா, பேச்சு தானா வந்துரும்."

"எல்லாரும் அதத்தான்க்கா சொன்னாங்க. நாங்களும் தெலுங்க நிறுத்திட்டோம்."

"அப்புறம்?"

"பேச்சு வரல. ஆட்டிசம் பாஷையால வர்றதில்லக்கா. இவ அப்பாவுக்குத் தெலுங்குலதான் புள்ளையக் கொஞ்ச வரும். ரெண்டு வருஷம் இவ ஓடிப்போயி முன்னாடி நிப்பா, அவரு தலையத் தடவிட்டு சும்மா உள்ள போயிருவாரு. இப்பதான் மறுபடி தெலுங்குல பேசறாரு."

சூளகிரி தாண்டும்போது அந்த அம்மா நோட்டீஸை எடுத்துப் படித்தார். பிறகு போனில் தம்பியைக் கூப்பிட்டார். கன்னடத்தில்தான் பேசினார். இந்தப் பக்கத்துக்காரர்கள் பலருக்கும் அது புரியும்.

"டேய், உன் புள்ளகிட்ட நம்ம பாஷையிலயே பேசுடா. நான்தான் தெரியாம வேணாம்னுட்டேன். அவன் பதில் சொல்லலன்னாலும் பேசு."