மொட்டைக்கு என்ன வேண்டுதல்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் புதிதாக மொட்டை போட்டுத் தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தாள். மடியில் லட்டுப் பை. பூக்கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்த அம்மாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

“என்னாம்மா வேண்டுதல்? பையன் பொறந்தானா?”

“இல்லக்கா. ரெண்டு பொண்ணு இருக்குது. மூணாவது உண்டாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போயி கலைச்சிக்கினேன். நல்லபடியா முடிஞ்சா மொட்ட போடறேன்னு வேண்டிக்கினேன்.”

பூக்காரம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வீட்டுக்காரரு ஒத்துக்கினாரா?”

“நர்சம்மாவும் அவரு கையெழுத்து எங்கன்னுதான் கேட்டாங்க. பாரத்த வாங்கிப் படிச்சேன். என் கையெழுத்துக்கு மட்டுந்தான் எடம் இருந்திச்சி. போட்டுக் குடுத்தேன். அவரு இன்னும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்காரு. சோறு துன்ன மட்டும் வாயத் தொறக்கறாரு.”

“மூணு பெத்துக்கோங்கன்னு மீட்டிங்ல மந்திரிங்க எல்லாம் சொல்றாங்களே?”

“சொல்லிட்டுப் போவட்டும். சுமக்கறது நானு.”

புத்தலப்பட்டில் பஸ் நின்று கிளம்பியது. பூக்காரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“பாவம் இல்லியாம்மா? இதுக்கெல்லாம் சாமி ஒத்துக்குவாரா?”

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்.

“முடிய வாங்கிக்கினாரேக்கா!”