பொன்னாடையும் பாம்புத்தோல் வில்லும்

பாம்புத்தோலை ஒட்டச் சாதாரணக் கோந்து ஆகாதுங்க, இன்ஸ்பெக்டர். தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம்தான் பிடிக்கும். தோலை ஊறவைத்து, வில்லின் முதுகில் போர்த்தி, துணி சுற்றி நிழலில் காயவைத்தால் பாம்பே நெளிந்து படுத்திருக்கிற மாதிரி இருக்கும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் உக்கடத்தில் வில் செய்யும் ரசாக் பாய். நேற்றிலிருந்து உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

தொண்ணூற்றிரண்டில் பீளமேட்டில் வில்வித்தை சபை தொடங்கினேன். என் முன்னோர்கள் விஜயநகரப் படையில் வில் பிடித்தவர்கள் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்தேன். எனக்குத் தெரிந்து என் தாத்தா பிடித்தது பருத்தி வண்டி மாட்டின் மூக்கணாங்கயிறு. மில் முதலாளி சுந்தரராஜுலு சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? மூன்று வருஷத்தில் என் அம்பு வைக்கோல் பலகையைத் தொட்டது இரண்டு முறை. கைதட்டல் மட்டும் ஒவ்வொரு முறையும் வந்தது. முன்வரிசை முழுக்க மில் ஆட்கள்.

வம்சி என் சம்சாரம் ராமாமணியின் தம்பி; அக்கா புருஷன் என்று என்னைப் 'பாவா' என்பான். அவனுக்கு யாரும் சொல்லாமலே கைதட்டினார்கள். அடுத்த வருஷம் அவனையே தலைவராக்கலாம் என்று பேச்சு. காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே ராமாமணியும் சொன்னாள்: "ஏனுங்க, உங்களுக்குத்தான் தோள்பட்டை வலியாச்சே. பேசாம தம்பிக்கு உட்டுக்குடுத்துருங்க."

வலி தோள்பட்டையில் இல்லை.

ஆண்டுவிழாவுக்காக ரசாக் பாய் எனக்குத் தடசு மரத்தில் ஒரு வில் செய்தார். பத்து நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டு, கைப்பிடிக்கு மேலே கட்டைவிரல் நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"முடியாட்டம் விரிசல் உட்டிருக்குதுங்க மொதலாளி. தோல் போத்துனா கண்ணுக்கு மறையும், விரிசல் அங்கயேதான் இருக்கும். வேற செஞ்சு தாரேனுங்க."

சுவரில் மாட்டத்தான், போர்த்திவிடுங்கள் என்றேன். செவுத்துக்குன்னாச் சரிங்க என்றார். பல்லடத்துக் கோழிப்பண்ணையில் முட்டைக்கு வந்து அடிபட்ட சாரையின் தோல். அழகாக அமைந்தது.

விழா மேடையில் வம்சிக்குப் பொன்னாடை போர்த்தி, அந்த வில்லைப் பரிசாகக் கொடுத்தேன். மேடையில் தந்ததை யார் மறுப்பார்கள்? தன் பழைய வில்லைக் கீழே வைத்தான்.

"பாவா, இதுலயே எய்யட்டுங்களா?"

கடைசி வரிசையில் ரசாக் பாய் எழுந்து நின்றார். நான் கையமர்த்தினேன். மரியாதை தெரிந்த மனிதர், உட்கார்ந்துவிட்டார்.

"காது வரைக்கும் இழு கண்ணு" என்றேன்.

அம்பு தவறி விழும், நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான் நினைத்தேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒடிந்த வில்லின் சிலாம்பு அவன் வலது கண்ணில் ஏறியிருந்தது. பார்வை இனி வராது என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் வம்சி என் கையைத் தேடிப் பிடித்தான்.

"நீங்க குடுத்த வில்ல ஒடிச்சுப்போட்டேன் பாவா. கோவிச்சுக்காதீங்க."

அதன்பிறகு அந்த அறைக்குள் நான் போகவில்லை. நேற்று நேராக இங்கே வந்து, விரிசல் வில்லை மறைத்துக் கொடுத்தார் என்று ரசாக் பாய் மேல் புகார் எழுதிக் கொடுத்தேன்.

அவரை அனுப்பிவிடுங்கள். விரிசல் எனக்குத் தெரியும். மறைக்கச் சொன்னதும் நான், இழுக்கச் சொன்னதும் நான். வெட்கமாக இருக்கிறது. இந்த வாக்குமூலத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பழக்கதோஷத்தில் அதன்கீழே 'தலைவர், வில்வித்தை சபை' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்க வேண்டுமானால் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கை வரவில்லை.