மூன்று வயதுப் புள்ளி

டீ நன்றாகவே இருக்கிறது சார். எங்கள் ஆய்வகத்து இயந்திரம் துப்புவதையெல்லாம் டீ என்று நம்பிக் குடித்த நாக்கு இது, அதனால் என் பாராட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கேட்டதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். வகுப்பெடுத்தே பழகிய ஆள், கொஞ்சம் நீட்டி முழக்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை மூளை. மனிதக் குழந்தையின் மூளையும் சிம்பன்சிக் குட்டியின் மூளையும் எப்படி வளர்கின்றன, எந்த வயதில் இரண்டும் வழி பிரிகின்றன என்று பார்ப்பது. "ஊர்ல இருக்கிற மூளையெல்லாம் அளக்கிற மனுஷனுக்குத் தன் கண்ணாடி எங்க இருக்குன்னு தெரியாது" என்பாள் என் மனைவி. அது பெரும்பாலும் என் நெற்றிமேல்தான் இருக்கும்.

சிம்பன்சிகளை நாங்கள் கொல்வதில்லை. சட்டம் அப்படி, அதைவிட எங்களுக்கு அது மானப் பிரச்சினை. காப்பகத்தில் ஏதாவது தானாக இறந்தால் போன் வரும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மூளை சீக்கிரம் கெட்டுப்போகிற சரக்கு. போன் அடித்தால் யாராவது செத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: சவப்பெட்டி செய்கிறவரும் நானும்.

என் வரைபடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. சிம்பன்சியின் கோடு இரண்டு வயது வரை அழகாக வரும், அப்புறம் ஐந்து வயதில்தான் மறுபடி தொடங்கும். நடுவில், மூன்று வயதில், புள்ளியே இல்லை. அந்த வயதுக் குட்டிகள் லேசில் சாவதில்லை. காப்பகங்களை அவ்வளவு நன்றாக நடத்தித் தொலைக்கிறார்கள். ஒவ்வொரு கருத்தரங்கிலும் யாராவது எழுந்து அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டுவார்கள். நான் வழுக்கையைத் தடவிக்கொண்டு நிற்பேன்.

அந்த நேரத்தில்தான் வாண்டுவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது. வாண்டு என்பது, புட்டிப்பால் கொடுத்து அவனை வளர்த்த பராமரிப்பாளர் அக்கா வைத்த பெயர். மூன்று வயது. நுரையீரல் முழுக்கச் சளி. "டாக்டர் கைய விரிச்சிட்டாரு சார். உங்களுக்குச் சொல்லிடணும்னு மேல இருக்கிறவங்க சொன்னாங்க, அதான் சொல்றேன்" என்று அக்கா அழுதார். நான் வருத்தம் தெரிவித்தேன். தெரிவித்துக்கொண்டே பெட்டியைக் காரில் ஏற்றினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போய்ச் சேர்ந்தால், வாண்டு எழுந்து உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பொழச்சுக்கிட்டான் சார். காலையிலேர்ந்து என் முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கான்." நானும் கைதட்டினேன், தேவைக்கு அதிகமாகவே. கல்யாண வீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்து இறங்கியவன் வேறு என்ன செய்வான்?

அக்கா பல நாளாகக் கண் மூடவில்லை. மருத்துவரும் கிளம்பிப் போயிருந்தார். "நீங்கதான் இருக்கீங்களே சார், ஒரு கண்ணு பாத்துக்குங்க. நான் கொஞ்சம் தலைய சாய்க்கிறேன்" என்றார். "தாராளமா போங்கக்கா" என்றேன்.

அவரை நானே போய் எழுப்பினேன். மறுபடி மூச்சுத் திணறிவிட்டது, போய்விட்டான், உடனே மூளையை எடுத்தாக வேண்டியிருந்தது என்றேன். உடலைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. "நான் தூங்கியிருக்கக் கூடாது, பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், வேலையையும் விட்டுவிட்டாராம். உங்க தப்பு இல்லக்கா என்று நான் அன்றைக்கே சொன்னேன். அதைவிட உண்மையான ஆறுதலை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது.

மாட்டிக்கொண்டது என் பீற்றலால்தான். வாண்டுவின் மூளையைச் சீவி எடுத்த ஸ்லைடுகள் அவ்வளவு அழகாக வந்திருந்தன. என் மனைவி மருத்துவமனையில் நோயியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளையைப் பார்த்துக் காரணம் சொல்கிறவள். அவளிடம் பாராட்டு வாங்கிப் பல வருஷம் ஆகிறது. மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரத்தக்குழாயெல்லாம் காலியா இருக்கே."

"சுத்தமா இருக்கு இல்ல?"

"செத்துப்போனா ரத்தம் உள்ளேயே உறைஞ்சு நிக்கும். இவ்வளவு சுத்தமாக் கழுவி, மூலை முடுக்கெல்லாம் மருந்து போயிருக்குன்னா, இதயம் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கணும்." அவள் நிமிரவே இல்லை. "என்னங்க பண்ணீங்க?"

என் துறையில் முதல் வருஷ மாணவன்கூட இதைக் கண்டுபிடிப்பான். அதைத்தான் நான் கட்டுரைக்கு முகப்புப் படமாக வைத்திருந்தேன். அவள் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தாள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை, கெட்டிக்காரி.

ஆமாம் சார். மயக்க மருந்தை எடைக்குக் கணக்காகப் போட்டேன். உயிர் போகக் காத்திருக்கவில்லை, காத்திருந்தால் திசு கெடும். மார்பைத் திறந்து, அடித்துக்கொண்டிருந்த இதயத்தின் வழியாகவே ஃபார்மலினைச் செலுத்தினேன். அந்தக் குட்டி இதயம் பதப்படுத்தும் மருந்தைக் கடைசிவரை தானே மூளைக்குத் தள்ளிக் கொடுத்தது. எலிகளுக்கு நாங்கள் அன்றாடம் செய்வதுதான். புள்ளி கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. எஃப்.ஐ.ஆரில் 'பலவந்தமாக' என்று எழுதியிருக்கிறீர்கள். அவனை நான் பிடிக்கக்கூட இல்லை. ஊசியைக் கண்டால் கம்பி வழியாகக் கையை நீட்ட வேண்டும், நீட்டினால் ஒரு திராட்சை கிடைக்கும் என்று அக்கா பழக்கியிருக்கிறார். நான் ஊசியை எடுத்ததும் அவனே ஒரு கையை நீட்டினான். இன்னொரு கையைத் திராட்சைக்காக விரித்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். என்னிடம் திராட்சை இல்லை. அது என் தப்புத்தான், வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். பலவந்தம் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள் சார், சம்மதமில்லாமல் நான் யார்மேலும் கை வைத்ததில்லை.