நாற்பத்தொன்றாவது கலவை

உங்கள் விரல் நுனிகள் வெடித்திருக்கின்றன, இன்ஸ்பெக்டர். உள்ளே வந்ததும் கண்ணில் பட்டது. தொழில் புத்தி எங்கே போகும். வாசலில் கை கழுவ வைத்திருக்கிறீர்களே ஒரு பச்சை சோப்பு, அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். கழுவிய ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் வாஸ்லைன் தடவினால் போதும். விலை கூடின கிரீம் எதுவும் வேண்டாம். அதைப் பதினான்கு வருடம் செய்தவள் சொல்கிறேன்.

காலையில் நீங்கள் மரியாதையாகத்தான் பேசினீர்கள். தங்கை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாள், பெற்ற தாயைப் பறிகொடுத்து நிற்கிறீர்கள், வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றீர்கள். நான் போகவில்லை. ஒரு பேனாவும் கொஞ்சம் தாளும் கேட்டேன். பக்கத்து அறையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதப் போவதைப் பொறுத்துத்தான் அவள் வீட்டுக்குப் போவதும் சிறைக்குப் போவதும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நிதானமாக எழுதுகிறேன். நடுவில் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், எண்ணம் கலைகிறது.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்கும் தெரியும். கிரீம் என்பது அந்த இரண்டையும் ஒரே டப்பாவில் குடித்தனம் வைப்பது. அதற்கு நடுவே ஒரு தரகர் வேண்டும். ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிற பொருள், எமல்சிஃபையர் என்போம். என்னுடைய தரகர் ஆலையில் செய்த ஒரு மெழுகு. பேர் வாயில் நுழையாது, ஆனால் சொன்ன சொல் தவறாது. எண்ணெய்ப் பாத்திரத்தையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் எழுபத்தைந்து டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்றை மற்றதில் ஊற்றிக் கடைந்தால், சட்டென்று பாலாக வெளுக்கும். அந்த நொடி எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அம்மா சொல்லிவந்த காரணங்களில் அதுவும் ஒன்று.

கீழ்த்தளத்தில் பட்டறை. மாடியில் அம்மா, நான், என் தங்கை சின்னவள். டப்பாவில் இருப்பது சின்னவளின் பேர், விளம்பரத்தில் இருப்பது அவள் முகம். அவளுக்குப் பேச வரும், எனக்கு வராது. அந்த ஏற்பாட்டைச் செய்தவளே நான்தான்.

போன வருடம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் பேட்டிக்கு வந்தாள். எல்லாம் தன் கைப்பக்குவம் என்று சின்னவள் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். இவங்க யாரு என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எங்க அக்கா. கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்க" என்றாள் சின்னவள்.

என் தோளில் கை போட்டுக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வலித்தது, அதை ஒளிப்பானேன். கீழே போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். ஆனால் கோபப்படவில்லை. எனக்குக் கோபமே வராது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மெழுகு வேண்டாம் என்று வந்து நின்றாள். லேபிளைப் படிக்கிறவர்கள் பயப்படுகிறார்களாம். சூரியகாந்தியிலிருந்து எடுக்கும் லெசித்தினைப் போட்டால் முழுக்க இயற்கை என்று எழுதிக்கொள்ளலாமாம். எல்லாம் சரியாக வருமா என்று கேட்டாள். வரும் என்றேன்.

லெசித்தினைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். தனியாக விட்டால் அது நோஞ்சான் தரகர், ஒரு வாரத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். இது இந்தத் தொழிலில் நேற்று நுழைந்தவருக்கும் தெரியும். இரண்டாவது, கிரீம் கெடாமல் இருக்க நாங்கள் போடும் மருந்தை அது தன்பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொள்ளும். கிருமி வளர்வது தண்ணீரில். அங்கே காவலுக்கு ஆள் இருக்காது. சோதனைக்கூடங்களில் இந்த மருந்தின் வேலையை நிறுத்தவேண்டும் என்றால் அவர்கள் எடுப்பதே லெசித்தின் புட்டியைத்தான். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. எனக்கே நான்கு வழி தெரியும்.

நான் அவற்றைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் அதுவரை நடந்தது. பேசாமல் இருப்பது குற்றமென்றால் பாதி ஊர் இங்கே வந்து உட்கார வேண்டியிருக்கும்.

அதோடு விட்டிருந்தால் கிரீம் ஒரு வாரத்தில் திரிந்திருக்கும், தூக்கிப் போட்டிருப்பார்கள், அவள் மூக்கு உடைந்திருக்கும். ஆனால் திரிந்த கிரீம் என் பட்டறையிலிருந்து வெளியே போவதை என்னால் தாங்க முடியாது. அதனால் உழைத்தேன். ஆலிவ் எண்ணெயிலிருந்து வருகிற இன்னொரு தரகரை லெசித்தினுக்குத் துணைக்கு வைத்தேன். தண்ணீர்ப் பக்கத்தைக் கெட்டிப்படுத்த ஒரு பிசின். அளவுகளை மாற்றி மாற்றி நாற்பது தடவை செய்தேன், நாற்பதும் பிரிந்தன. நாற்பத்தொன்று நின்றது. ஒரு மாதம் சூட்டுப்பெட்டியில் வைத்தேன், இயந்திரத்தில் போட்டுச் சுழற்றினேன், ஒரு பொட்டு எண்ணெய் கக்கவில்லை. மூன்றாம் வாரம் லேசாக ஒரு புளிப்பு வாடை வந்தது. லாவெண்டர் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டினேன், சரியாகிவிட்டது.

கெட்டுப்போன பண்டம் தானே காட்டிக்கொடுத்துவிடும். நிறம் மாறும், நாறும், பிரியும். என் நாற்பத்தொன்று எதையும் காட்டிக்கொடுக்காது. இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

விற்பதற்கு முன் வெளியே ஒரு கூடத்தில் கிருமிச் சோதனை செய்ய வேண்டும். இருபத்தெட்டு நாள் ஆகும். பழைய மெழுகுக் கிரீமில் நாற்பத்தொன்று என்று சீட்டு ஒட்டி அனுப்பினேன். தேறிவிட்டது. சின்னவள் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினாள், ஆணி அடிக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டது நான்.

என்ன எதிர்பார்த்தாய் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நூறு பேர் பூசினால் பத்துப் பேருக்குக் கொப்புளம், ஒன்றிரண்டு பேருக்குக் கண்ணில் சீழ். அவள் படியிறங்கி என்னிடம் ஓடி வருவாள். நான் இழுப்பறையைத் திறந்து நாற்பத்திரண்டை எடுத்துக் கொடுப்பேன். எழுதித் தயாராக வைத்திருந்தேன், மருந்தெல்லாம் சரியாகப் போட்டு. பத்து முகத்துக் கொப்புளம் ஆறிவிடும். அதை யோசித்துத்தான் செய்தேன், யோசிக்காமல் நான் எதுவும் செய்வதில்லை.

அம்மாவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். முதுகின் அடியில் படுக்கைப்புண், உள்ளங்கை அகலம். ஆறி மூடிக்கொண்டு வந்தது. தினம் காலையில் வந்து கட்டு மாற்றும் நர்ஸ், புண்ணைச் சுற்றித் தோல் வறண்டிருக்கிறது, ஏதாவது சாதாரண கிரீம் தடவுங்கள் என்றாள். அன்று மாலை சின்னவள் நாற்பத்தொன்றின் முதல் டப்பாவோடு வந்தாள். மூன்று வாரமாக வருகிறவர் போகிறவர் எல்லாரும் விரல் விட்டுப் பார்த்த டப்பா.

"அக்கா, நம்ம புதுசையே அம்மாவுக்குத் தடவட்டுமா?"

நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு உறையை மடித்து முடித்தேன். இன்னொன்றையும் மடித்தேன். அவ்வளவு நேரமும் அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"தடவு" என்றேன்.

இரண்டாம் நாள் அம்மா என்னிடம், "சின்னவ கை பஞ்சு மாதிரிடி, நீ தேய்ச்சா பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நான்காம் நாள் புண்ணைச் சுற்றிச் சிவந்தது. ஐந்தாம் நாள் கட்டுத்துணியில் பச்சையாக ஒரு கறை. அந்தப் பச்சையைப் பார்த்ததுமே எந்தக் கிருமி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரமான ஜாடிகளில் அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆறாம் நாள் காய்ச்சல் அனலாக அடித்தது, டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தோம். சின்னவள் வெந்நீர் எடுக்கக் கீழே போயிருந்தபோது அவர் கேட்டார்.

"புதுசா ஏதாவது தடவுறீங்களா?"

"நர்ஸ் குடுத்த மருந்து மட்டும்தான் டாக்டர்."

அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை இந்தக் கிருமியைச் சீண்டக்கூடச் சீண்டாது. சீட்டைப் பார்த்ததும் புரிந்தது. நானே போய் வாங்கி வந்து, வேளை தவறாமல் கொடுத்தேன். அம்மா ஒரு மடக்குத் தண்ணீரில் சமர்த்தாக விழுங்குவாள். எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஒன்பதாம் நாள் விடியலில் போய்விட்டாள். அழுதேன். அது நடிப்பில்லை, அம்மா என்றால் எனக்கு உயிர்.

நர்ஸ் கெட்டிக்காரி. அம்மாவின் தலைமாட்டில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். மற்ற டப்பாக்கள் கடைக்குப் போவதற்கு முன்பே நீங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டீர்கள், அந்தப் பயம் வேண்டாம்.

இனி தங்கையின் வாக்குமூலத்துக்கு வருகிறேன். காலையில் அதை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "கிரீம் நான் செஞ்சது. கலவையும் என்னோடதுதான். அக்காவுக்கு இதுல ஒண்ணும் தெரியாது." படித்துவிட்டு, அக்காவைக் காப்பாற்றத்தான் இப்படிச் சொல்கிறாளோ என்னவோ என்றீர்கள்.

உங்களுக்கு அவளைத் தெரியாது, எனக்குத் தெரியும். காப்பாற்றுகிறாளாம். எண்ணெயை எத்தனை டிகிரியில் ஊற்ற வேண்டும் என்று கேளுங்கள், திருதிருவென்று விழிப்பாள். பிசினை எதில் கரைத்தாய், எதற்குக் கரைத்தாய் என்று கேளுங்கள். லாவெண்டர் எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்றுக்கும் பதில் வராது. பதினான்கு வருடம் பொறுத்தேன், இதையும் விட்டுக்கொடுக்க என்னால் ஆகாது.

தடவியதைத் தவிர அவள் இதில் எதுவும் செய்யவில்லை. கலவை என்னுடையது. சீட்டை மாற்றி ஒட்டியது நான், தடவு என்றது நான், டாக்டரிடம் பொய் சொன்னது நான். அவள் சொன்னதைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். கீழே என் முழுப் பேரையும் தெளிவாக எழுதியிருக்கிறேன். டைப் அடிக்கும்போது எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.