வெட்டியெடுத்த துண்டின் சத்தம்

— தொடலாமான்னு கேக்கல மேடம். பாக்கலாமான்னுதான் கேட்டேன்.

— பாக்க ஒண்ணும் மிச்சமில்லைங்க. வலிப்பு நிக்கணும்னு ஆபரேஷன்ல உங்க தலையிலேருந்து எடுத்த துண்டை இங்க லேப்ல உப்புத் தண்ணியில போட்டு, ஆக்சிஜன் விட்டு, ஒரு நாள் உயிரோட வச்சிருந்தோம். அதுக்கு மேல தாங்காது. மூணு மாசம் ஆயிடுச்சே. அப்ப பதிவு பண்ணினது மட்டும் இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டா கேக்கும்.

— கேட்டியாக்கா? ஒண்ணுமில்லையாம். கிளம்பு. கெட்டுப்போச்சுன்னு அறுத்துப் போட்டதை யாராவது தேடிக்கிட்டு வருவாங்களா? தேவையா இது?

— என் மண்டைடா தம்பி அது. பிடிக்கலன்னா வெளியில பெஞ்சில உக்காரு. மேடம், போடுங்க.

— ம்... கேக்குதா? இந்த டுக்கு டுக்கு டுக்கு.

— ஆமா. மழை விட்டப்புறம் தகரத்துல சொட்டுற மாதிரி. இதுவா கெட்டுப்போனது? நல்லாத்தானே இருக்கு?

— நல்லாத்தாங்க இருக்கு. இது ஞாபகத்தைச் சேத்து வைக்கிற இடம், ஹிப்போகேம்பஸ்னு பேரு. அங்க இருக்கிற செல்லு எல்லாமே கத்தத் துடிக்கும். நடுவுல கொஞ்சம் செல்லு மட்டும் ‘இரு’ன்னு சொல்லும். அந்தச் சொல்லை வாங்கிக்க ஒவ்வொண்ணு மேலயும் சின்னச் சின்னக் கதவு இருக்கு. சொன்னதும் எல்லாம் ஒண்ணா அடங்கும், விட்டதும் ஒண்ணா எழும்பும். அடங்கி எழும்புறதுதான் இந்தத் தாளம்.

— அதைத்தானே நானும் வீட்டுல சொல்றேன். அடக்கினாத்தான் ஒழுங்கா இருக்கும்.

— இவன் எங்க போனாலும் இவன் பாட்டுதான். மேலே சொல்லுங்க மேடம்.

— அந்தக் கதவை எல்லாம் ஒரு மருந்து விட்டு அடைச்சுப் பாத்தோம். இதைக் கேளுங்க.

— ஐயோ, எல்லாம் ஒண்ணா கத்துதே, நிறுத்துங்க... வேணாம், ஓடட்டும். இருபது வருஷம் உள்ள இருந்தவன் குரலாவது தெரியட்டும்.

— கதவு திறந்திருந்தப்பவும் உங்க துண்டுல வேற ஒரு கோளாறு இருந்துச்சு. சில செல்லு, ‘இரு’ன்னா ‘ஓடு’ன்னு கேட்டுக்கிட்டுச்சு. பிரேக்கை மிதிச்சா வண்டி பாயுற மாதிரி.

— எல்லாமா?

— இல்ல, கொஞ்சந்தான். மத்ததெல்லாம் ஒழுங்கா வேலை பாத்துச்சு. பதிவுல முக்கால்வாசி நேரம் நீங்க முதல்ல கேட்டீங்களே, அந்தத் தாளந்தான்.

— கேட்டுக்கோடா. முக்கால்வாசி நேரம் நல்லா இருந்திருக்கேன். நீ முழு நேரமும் பூட்டி வச்சே. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழட்டினது யாரு? அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னது யாரு? பொண்ணு பாக்க வந்தவங்களைத் தெரு முனையிலேயே திருப்பி அனுப்பினது யாரு?

— நான்தான். நீ பல்லு உடைஞ்சு கிடந்தப்ப வாய்க்குள்ள விரலை விட்டு எடுத்தவனும் நான்தான். என் கல்யாணத்தன்னைக்குக்கூட உன் பக்கத்துலதான் ஒரு கண்ணு. எனக்கு மட்டும் ஆசையா?

— உன்னைக் குறை சொல்லல. தாழ்ப்பாளை மட்டும் திரும்ப மாட்டிடு.

— மாட்டிட்டாப் போச்சு. திங்கட்கிழமை அச்சாபீஸ்ல வேலைக்குச் சேரு, பிழை திருத்து, நானா வேணாங்கிறேன்? மேடம், நீங்களே பாருங்க. நான் கடையிலேருந்து நேரா வந்தேன். இவ வீட்டுலேருந்து தனியா பஸ்ல வந்திருக்கா. பொறந்ததிலேருந்து இதான் முதல் தடவை. குணமாயிடுச்சு, அதனாலதான் விட்டேன். இல்லன்னா வாசப்படி தாண்ட விட்டிருப்பேனா?

— அங்கதான்டா இடிக்குது.

— என்ன இடிக்குது?

— குணமானா விடுவேங்கிறியே, அது.

— அக்கா, நிதானமா, உக்காந்து பேசு.

— நின்னுக்கிட்டே சொல்றேன். காலையில பஸ்ல வலிப்பு வந்துச்சுடா. கண்ணு முழிச்சுப் பாத்தா நாலு ஸ்டாப் தாண்டியிருந்தேன். இறங்கி, வாயைத் துடைச்சு, ஆபரேஷன் பண்ணின பெரிய டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு, எதிர்ப்பக்கம் நின்னு இன்னொரு பஸ் ஏறித்தான் இங்க வந்திருக்கேன். திங்கட்கிழமையும் அப்படித்தான் போவேன்.